மூன்றாவது பட்டை

எளாவூர் ஸ்டேஷனில் ஜெயராஜ் மாமா ரயிலேறினால், அவரைத் தெரியாதவர்கள் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். வெள்ளைத் துண்டில் சுற்றிய ஒரு சதுரப் பொருளை மடியில் நிமிர்த்தி வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்காருவார். சாமி படம் என்று நினைத்து ஒரு கிழவி ஒருமுறை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாமா அதைத் திருத்தவில்லை.

“சொல்ல ஆரம்பிச்சா பொன்னேரி வரைக்கும் சொல்லிக்கினே வரணும் தம்பி” என்றார் என்னிடம்.

துண்டுக்குள் இருந்தது கண்ணாடிச் சட்டம். சட்டத்துக்குள் இருந்தது, நாற்பத்தாறாம் வருஷம் பட்டாளத்திலிருந்து அவரை விடுவித்தபோது கொடுத்த சர்டிபிகேட். மேலே பெரிய கிரீடம். கீழே அவர் பெயர், நம்பர், அப்பா பெயர், உயரம், மார்பளவு, இடது புருவத்துக்கு மேலே உள்ள தழும்பு எல்லாம் சரியாக இருந்தன. ‘ராங்க்’ என்று அச்சடித்த இடத்துக்கு எதிரே மட்டும் ‘நாயக்’ என்று டைப் அடித்திருந்தது.

மாமா நாயக் இல்லை, ஹவில்தார். நாயக்குக்குச் சட்டைக் கையில் இரண்டு பட்டை, ஹவில்தாருக்கு மூன்று. அந்த மூன்றாவது பட்டையைக் காகிதத்தில் ஏற்றுவதற்காக அவர் பத்து வருஷம் அலைந்தார். அதில் கடைசி இரண்டு வருஷம் அவருக்கு மனு எழுதியவன் நான்.

எங்கள் காலனியில் பி.ஏ. தேறியவன் நான் ஒருத்தன்தான். என் அப்பா சவுக்குத் தோப்பில் கட்டை வெட்டினார். அவருடைய அப்பாவும் வெட்டினார். ஐம்பத்து நாலில் எனக்குத் தாலுகா ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா வேலை கிடைத்ததும் காலனியில் என் பெயர் போய்விட்டது. பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் நான் ‘பிஏ’. “பிஏ வந்துக்கினு கீறான் பாரு” என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வேலையில் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே மாமா சட்டத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“இத்தினி நாளா கோர்ட்டாண்ட உக்காந்து எழுதறவன் எழுதினான். அவனுக்கு இங்கிலீஸு அர வேக்காடு. நீ எழுது. உன் இங்கிலீஸுக்கு அவனுங்க பதில் சொல்லியே ஆவணும்.”

எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது.

மாமா பட்டாளத்தில் துப்பாக்கி தூக்கியவர் இல்லை. பயனியர் கம்பெனி. ரோடு போடுவது, பாலம் கட்டுவது, மூட்டை இறக்குவது, செத்தவனைப் புதைப்பது. நாற்பத்தொன்றில் சேர்ந்து, மணிப்பூர்ப் பக்கம் மலையைச் சீவி ரோடு போட்டார்கள். மழை ஆறு மாசம் விடாது. போட்ட ரோடு காலையில் பார்த்தால் பள்ளத்தாக்கில் கிடக்கும். மறுபடி போட வேண்டும். அவர்களுடைய ஹவில்தார் காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததும், நாயக்காக இருந்த மாமா இருபத்தைந்து ஆட்களையும் ஒன்றரை வருஷம் நடத்தினார். சண்டை முடிந்தபின் பட்டை கொடுத்தார்கள். தைத்துக்கொள்ள ஊசி கிடைக்காமல், செருப்புத் தைக்கிற ஊசியால் தைத்துக்கொண்டாராம்.

விடுதலையான நாளைப் பற்றி அவர் எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். கூடாரம். நீளமான வரிசை. மேஜையில் ஒரு குமாஸ்தா. பக்கத்தில் வெள்ளைக்கார கேப்டன். குமாஸ்தா பழைய பட்டியலைப் பார்த்து முன்கூட்டியே எல்லாருடைய காகிதத்தையும் டைப் அடித்து அடுக்கி வைத்திருந்தான்.

“தொர என் கைய பார்த்தாரு. காயிதத்த பார்த்தாரு. குமாஸ்தாவ இங்கிலீஸுல வாங்கு வாங்குனு வாங்கினாரு. அப்பால சேப்பு பேனாவ எடுத்து, என் கண்ணெதிர எழுதினாரு தம்பி. எழுதிட்டு கை குடுத்தாரு.”

“எதுல எழுதினாரு மாமா?”

“மேசமேல பெரிய புக்கு தொறந்து கெடந்துச்சு. அதுலதான் எழுதியிருப்பாரு. எனக்கு அவுரு மூஞ்சதான் பார்க்கத் தோணுச்சு.”

அந்தப் பெரிய புத்தகத்தை நம்பித்தான் நான் எல்லா மனுவையும் எழுதினேன். ‘இன்ன தேதியில், இன்ன இடத்தில், இன்ன கம்பெனியின் கேப்டன் தமது பதிவேட்டில் சிவப்பு மையால் செய்த திருத்தத்தைத் தேடிப் பார்க்கும்படி’ என்று தொடங்கும். ரிக்கார்டு ஆபீஸிலிருந்து மூன்று மாசத்துக்கு ஒரு பதில் வரும். பழுப்பு உறை, மேலே சர்க்கார் முத்திரை. தபால்காரர் காலனிக்குள் நுழையும்போதே பிள்ளைகள் ஓடிப்போய் மாமாவிடம் சொல்லிவிடும். நான் ஆபீஸிலிருந்து வரும் வரைக்கும் அவர் உறையைப் பிரிக்காமல் வைத்திருப்பார். தமக்குப் படிக்கத் தெரியாத காகிதத்தைத் தாமே பிரிப்பது மரியாதை இல்லை என்று அவருக்கு ஓர் எண்ணம்.

பதில் ஒன்றுபோலவே இருக்கும். கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது, அதன் புத்தகங்கள் முழுமையாக வந்து சேரவில்லை, இருக்கிற பட்டியலின்படி ராங்க் நாயக், வேறு ஆதாரம் இருந்தால் அனுப்பவும், அசல் சர்டிபிகேட்டைப் பார்வைக்கு அனுப்பவும்.

அசலை மட்டும் நாங்கள் அனுப்பவில்லை. ஆரணியில் ஒரு பழைய சிப்பாய் அசலைத் தபாலில் அனுப்பி, அது போன வழியே தெரியாமல் போய், பென்ஷனும் போயிற்று என்று ஒரு கதை எங்கள் பக்கத்தில் உலவியது. நிஜமோ பொய்யோ, அதற்கப்புறம் எவனும் அசலைக் கையை விட்டு விடுவதில்லை. அதற்காகத்தான் மாமா சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் தாலுகா ஆபீஸுக்கு வருவார். கண்ணாடிக்கு மேலேயே பார்த்து, ஓர் எழுத்து விடாமல் நான் நகல் டைப் அடிப்பேன். உண்மை நகல் என்று அதிகாரி கையெழுத்துப் போட்டு ரப்பர் முத்திரை குத்துவார். ஆறு நகல் அப்படிப் போயின.

எங்கள் ஹெட் கிளார்க் பச்சையப்பன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சட்டத்தைப் பார்ப்பார்.

“இன்னா பிஏ, உங்க மாமா பொட்டு வெச்ச படத்த தூக்கிக்கினு வந்துட்டாரா? கற்பூரம் ஏத்தட்டுமா?”

பொட்டு இருந்தது உண்மை. கண்ணாடியின் நாலு மூலையிலும் அத்தை, வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சளும் குங்குமமும் வைப்பாள்.

அத்தை பேர் சின்னப்பொண்ணு. மாமா வேதக்காரர், மிஷன் பள்ளிக்கூடத்து வாசலில் ஞானஸ்நானம் வாங்கின குடும்பம். அத்தை ஞாயிற்றுக்கிழமை அவரோடு கோயிலுக்கும் போவாள், ஆடியில் பெரியபாளையத்து அம்மனுக்கும் போவாள். ‘ரெண்டு பேரும் கூடி காப்பாத்தட்டுமே, உனுக்கு இன்னா நஷ்டம்’ என்பாள். மாமா மணிப்பூரில் இருந்த நாலரை வருஷமும் அவளுக்கு வந்தது மூன்று கடிதம். புருஷன் உயிரோடு திரும்பினால் அந்தப் பெரியபாளையத்துப் பவானியம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டி வலம் வருகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். திரும்பினார். அந்த வருஷ ஆடியிலேயே அவள் ஆற்றில் குளித்து, உடம்பெல்லாம் வேப்பிலையைச் சுற்றிக்கொண்டு கோயிலை வலம் வந்தாள். அவள் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில், மாமா கோயில் தெருவில் சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் தன் சர்டிபிகேட்டைக் கொடுத்துச் சட்டம் போட்டுவிட்டார். பட்டாளத்தின் காகிதம், பூச்சி அரிக்கக் கூடாது, மழை படக் கூடாது. வீட்டில் அம்மன் படத்துக்கும் மாதா படத்துக்கும் நடுவில் அதை மாட்டினார்கள். அதனால்தான் அதற்கும் பொட்டு.

ஊரில் அவர் ஹவில்தார் என்பதை யாரும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. கால்வாயில் படகுக்குச் சவுக்குக் கட்டை ஏற்றுவதுதான் மாமாவுக்குப் பிழைப்பு. கரையிலிருந்து படகுக்குப் பலகை போட்டிருக்கும். தோளில் கட்டோடு அதன்மேல் நடக்க வேண்டும். மேஸ்திரி சடையப்பன் கரையில் நின்று கூவுவார்:

“ஏய், வழி வுடுங்கடா, அவுல்தாரு வர்றாரு! பலகைக்கு சல்யூட் அடிக்க சொல்லு!”

“காயிதத்துல இன்னம் நாயக்குதானே மேஸ்திரி?” என்பான் இன்னொருவன்.

“அப்பிடியா? அப்போ ஒரு கட்டு கூட வையி. ரெண்டு பட்டைக்கு ரெண்டு கட்டு.”

மாமா சிரித்துக்கொண்டே தூக்குவார். எல்லாரும் சிரிப்பார்கள். ஐம்பத்தைந்தில் அந்தச் சிரிப்பு நின்றது. வலது தோள் எலும்பு தேய்ந்துவிட்டது என்று பொன்னேரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கை காது உயரத்துக்கு மேல் எழவில்லை. கட்டை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டார். “இதுவும் தேஞ்சதுக்கு அப்பால தலையில தூக்க வேண்டியதுதான்” என்றார்.

அந்தச் சமயத்தில்தான் திருவள்ளூர்ப் பக்கம், மணவாள நகரைத் தாண்டி ரயில் பாதையோரமாகப் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலைக்குக் காவலாளிகள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பட்டாளத்தில் இருந்தவர்களுக்குத்தான் முதலிடம். தலைமைக் காவலாளிக்கு ஓர் இடம். கட்டை தூக்க வேண்டாம். கேட்டருகே அறை, நாற்காலி, பதினாறு ஆட்களுக்கு டியூட்டி பிரித்துக் கொடுக்கிற வேலை. தகுதி: ஹவில்தார் ராங்குக்குக் குறையக் கூடாது.

மாசி மாசத்தில் நான் லீவு போட்டுவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். சட்டமும் வந்தது. ஆள் எடுப்பவர் ஒரு ரிடையரான மேஜர், நம் ஊர்க்காரர்தான். மாமா உள்ளே நுழைந்து நின்ற நிலையைப் பார்த்ததுமே அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தோள் வலிக்கிற மனிதர் அப்படி நிற்க முடியும் என்று எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

“எந்த ரோடு போட்டீங்க?” என்றார் மேஜர்.

மாமா சொன்னார்.

“அந்த ரோட்டுல நான் ஜீப்பில போயிருக்கேன். மைல் கல்லுக்கு மைல் கல் குழி.”

“காலையில நல்லாதான் சார் இருந்துச்சு. அப்பால மழை பேஞ்சிருக்கும்.”

மேஜர் சிரித்துவிட்டார். துண்டைப் பிரித்துச் சட்டத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“ஜெயராஜ், நீங்க ஹவில்தார்தான். நீங்க நிக்கறதே போதும் எனக்கு. ஆனா ஃபைல்ல நீங்க நிக்க முடியாது. அதுல காகிதம்தான் நிக்கும். ரிக்கார்டு ஆபீஸ் ஒரு வரி எழுதட்டும். பங்குனி முடியறவரைக்கும் இடத்தை வச்சிருக்கேன்.”

ஐந்து வாரம். மூன்று மாசத்துக்கு ஒருமுறை பதில் எழுதுகிற ஆபீஸ். இனி நகலை அனுப்பிக்கொண்டிருந்து பிரயோஜனம் இல்லை என்று திரும்பும் ரயிலில் சொன்னேன். அசலை அனுப்ப வேண்டும். ரெஜிஸ்டர் தபாலில், மேஜரின் கடிதத்தோடு. அதற்குச் சட்டத்தைப் பிரிக்க வேண்டும்.

அத்தை கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

“அம்மன் வாசல்ல போட்ட சட்டம். பத்து வருசமா பொட்டு வெச்சிக்கினு கீறேன். நீ இஸ்க்ரூவ வெச்சி நோண்டறதுக்கா பிஏ படிச்ச?”

“அத்த, அந்த வேலை கிடைச்சா மாமா கட்டை தூக்க வேணாம்.”

“இத்த தபால்ல போட்டு அதுவும் பூட்ச்சினா? அப்பறம் நாயக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் ஜெயராசு.”

மாமா இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்துத்தான் அவள் இறங்கி வந்தாள் என்று நினைக்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை: சட்டம் போட்ட கையே பிரிக்க வேண்டும், தானும் கூட வருவாள்.

பெரியபாளையத்தில் அன்று கூட்டம் இல்லை. ஆரணி ஆற்றில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் துளசிராமன் அறுபது வயசுக்காரர். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். சட்டத்தைத் திருப்பி ஓரத்தைத் தடவினார்.

“நம்ம வேலதான் நைனா. இந்த மூல வெட்டு நம்ம கைதான். எதுக்கு பிரிக்கணும்? சொல்லு, கண்ணாடி மட்டும் மாத்திடலாம், புச்சா ஆயிடும்.”

காகிதம் வேண்டும் என்றேன். ஆணிகளைப் பிடுங்கினார். மரச் சட்டம் நாலாகக் கழன்றது. கண்ணாடியைத் தூக்கி வைத்தார். பத்து வருஷம் மரத்துக்கு அடியில் மறைந்திருந்த அரை அங்குல ஓரம், காகிதத்தைச் சுற்றி வெள்ளையாகத் தெரிந்தது. அந்த வெள்ளையில், வலது கீழ் மூலையில், அச்சில் மூன்று சின்ன எழுத்துகள் இருந்தன.

பி.டி.ஓ.

மறுபக்கம் பார்க்கவும்.

நான் குனிந்து அதை இன்னொரு தடவை படித்தேன். ஆபீஸில் ஒரு நாளைக்கு இருபது காகிதத்தில் இந்த மூன்று எழுத்தை நானே டைப் அடிக்கிறேன். ஆறு நகல், பதினொரு மனு. இந்தக் காகிதத்துக்கு ஒரு பின்பக்கம் இருக்குமா என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. சுவரில் மாட்டிய படத்துக்கு யார் பின்பக்கம் தேடுவார்கள்?

“இதுக்குப் பின்னால ஏதாவது எழுதியிருந்துச்சா?” என்று துளசிராமனைக் கேட்டேன். காகிதம் தடித்த அட்டையின்மேல் ஒட்டியிருந்தது.

“இருந்துச்சே. ரெண்டு பக்கமும் எழுத்து. அதனாலதான் எனக்கு நெனப்பு கீது. பின்னாடி செவப்பு மையில கூட ஏதோ இருந்துச்சு. எந்தப் பக்கம் வெளிய தெரியணும் நைனான்னு கேட்டேன்.” மாமாவைப் பார்த்தார். “கிரீடம் கீற பக்கம்னு சொன்னது நீங்கதானே?”

மாமா காகிதத்தைப் பார்த்தார். துளசிராமனைப் பார்த்தார்.

“ஆமா” என்றார். “நாந்தான் சொன்னேன்.”

“ஏன்யா, நீயாவது செவப்புல எழுதிகீதே, முக்கியமா இருக்கப்போவுதுன்னு சொல்லக் கூடாதா?” என்று அத்தை துளசிராமன்மேல் பாய்ந்தாள்.

“நான் இன்னா படிச்சவனா தாயி? சாமி படத்துக்கு எது முன்பக்கம்னு எனக்குத் தெரியும். ராஜா காயிதத்துக்கு கிரீடம்தானே மூஞ்சி?”

தண்ணீரில் ஊறவைத்தால் பசை இளகும்; ஆனால் சிவப்பு மையும் ஓடிவிடும் என்றார் துளசிராமன். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசை. அவருடைய கைவேலை அவருக்கே எதிரியாகிவிட்டது. அட்டையைப் பின்னாலிருந்து ஏடு ஏடாகச் சீவி எடுப்பதுதான் வழி. மெல்லிய கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து, சீவி விழுந்த அட்டைச் சுருளை எல்லாம் முந்தானையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டாள். மாமா தெருவுக்கு எதிர்ப்புறம் போய், பூக்கடைப் பந்தலின் கீழ் நின்று பீடி பற்றவைத்தார். இந்தப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. மத்தியானம் தாண்டியது. நாஷ்டாகூட யாரும் சாப்பிடவில்லை.

கடைசி ஏடு முழுசாக வரவில்லை. சில இடத்தில் அட்டையோடு எழுத்தும் போயிற்று. சில இடத்தில் எழுத்தின்மேல் அட்டையின் நார் நின்றது. ஆனால் சாய்ந்த கையெழுத்தில், மங்கின சிவப்பில், நடுவில் இருந்த வரி தெரிந்தது. மாமாவைக் கூப்பிட்டேன்.

“படி” என்றார்.

“‘மறுபக்கத்தில் உள்ள ராங்க் தவறு. ஹவில்தாராக உயர்த்தப்பட்டார். ஒன்று, பதினொன்று, நாற்பத்தைந்து முதல்.’ அதுக்குக் கீழே கையெழுத்து. பாதிதான் இருக்குது மாமா. முத்திரை இருந்த இடம் போயிடுச்சு.”

அவர் குனிந்து அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“புக்குல இல்லியா அப்போ? இதுலயேவா எழுதினாரு?”

“இதுலதான்.”

“பத்து வருசமா செவுத்துக்கு காட்டிக்கினு இருந்தோமா!”

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துக்கொண்டே அழுதாள். “அந்தச் செவுரு ஒண்ணுக்குத்தான் தெரியும், நீ அவுல்தாருன்னு” என்றாள். துளசிராமன் வேலைக்கு டப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வெறும் சட்டத்தை என்ன செய்வது என்று கேட்டார். அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

மறுநாளே மேஜரிடம் போனோம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது, பிறகு சுருங்கிவிட்டது.

“எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா கையெழுத்துப் பாதி, முத்திரை இல்ல. கத்தி பட்ட காகிதம். ஆடிட்டுல இதைப் பார்த்தா நானே சுரண்டி எழுதினேன்னு சொல்வான். ரிக்கார்டு ஆபீஸுக்கு அனுப்புங்க. நானும் எழுதறேன்.”

அனுப்பினோம். அட்டைக்கு நடுவில் வைத்து, ரெஜிஸ்டர் பண்ணி, ரசீதை மாமா பர்ஸில் வைத்துக்கொண்டார். அந்த மனுதான் நான் எழுதியதிலேயே சின்னது. நாலே வரி. பின்பக்கம் பார்க்கவும் என்பதுதான் விஷயம்.

பங்குனி முடிந்தது. மேஜர் நல்ல மனிதர். சித்திரை பாதி வரைக்கும் இழுத்துப் பிடித்தார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. ஆவடியில் ஸ்டோர் ஹவில்தாராக இருந்த சுப்பராயன் என்பவருக்குத் தலைமைக் காவலாளி வேலை போயிற்று. அவர் காகிதத்தில் முன்பக்கத்திலேயே எல்லாம் சரியாக இருந்தது. மாமாவுக்கு வேண்டுமானால் சாதாரணக் காவலாளி இடம் ஒன்று இருக்கிறது என்று மேஜர் சொல்லி அனுப்பினார்.

மாமா வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். எனக்குத்தான் ரோஷமாக இருந்தது.

“நாற்காலி இல்ல, நிக்கற வேலை. அதான? நிக்கறதுக்குத் தோள் வேணாம்” என்றார்.

சடையப்பன் கடைசி நாளில்கூட விடவில்லை. “இன்னா அவுல்தாரே, கேட்டு தொறக்கப் போறியா? தொறக்கும்போது சல்யூட் அடிக்கணுமே, கை மேல ஏறுமா?” என்றார். மாமா இடது கையால் அவருக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு வந்தார்.

வாரம் ஆறு நாள் திருவள்ளூரிலேயே தங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து மத்தியானம் திரும்புவார். காக்கிச் சட்டை கொடுத்திருந்தார்கள். கையில் ஒரு பட்டையும் இல்லை. சுப்பராயனைப் பற்றி ஒருநாள் கேட்டேன். “நல்ல ஆளுதான். டூட்டி பிரிக்கத் தெரியாது. என்னைக் கேட்டுத்தான் பிரிக்கறாரு” என்றார்.

ஐப்பசியில் பழுப்பு உறை வந்தது. இந்தத் தடவை கனமாக இருந்தது. அத்தை அதை நாலு நாள் அம்மன் படத்துக்கும் மாதா படத்துக்கும் நடுவில், சட்டம் இருந்த இடத்தில் வெளுத்துக் கிடந்த சதுரத்துக்குக் கீழே சாய்த்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாமா வந்ததும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

பிரித்தேன். புது சர்டிபிகேட். கிரீடம் போய், மூன்று சிங்கம் வந்திருந்தது. பெயர், நம்பர், தழும்பு. ராங்க்: ஹவில்தார்.

இரண்டு தடவை படிக்கச் சொன்னார். இரண்டாம் தடவை, அந்தச் சொல்லின் கீழ் என் விரலை வைக்கச் சொல்லி, என் விரலுக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்தார். அப்புறம் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கித் திருப்பினார்.

“பின்னால ஒண்ணும் இல்லியா?”

“இல்ல மாமா. வெள்ளைதான்.”

“நல்லா பாரு. வெளிச்சத்துல பாரு.”

ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். முன்பக்கத்து எழுத்துகள் இடம் வலமாக மாறித் தெரிந்தன. வேறொன்றும் இல்லை. என்னோடு சேர்ந்து அவரும் பார்த்தார்.

“கொட்டை எழுத்துல போட்டுருக்கான்யா. இதுக்கும் ஒரு சட்டம் போட்டு…” என்று ஆரம்பித்தாள் அத்தை. மாமா அவளைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டாள்.

ஒரு மணி ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மாமா எழுந்து காக்கிச் சட்டையை இடது கையில் முதலில் மாட்டி, பிறகு வலது தோளை மெள்ள உள்ளே நுழைத்தார். பொத்தானை அத்தை போட்டுவிட்டாள். சர்டிபிகேட்டை எடுத்துக்கொள்வார் என்று நீட்டினேன்.

“உன்னாண்டயே இருக்கட்டும் தம்பி” என்றார். “எதுலயும் ஒட்டாத.”

வாசலிலிருந்து ஸ்டேஷன் பாதையில் இறங்கினார். மடியில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் அவர் ரயிலுக்குப் போவதை இத்தனை மாசத்தில் அன்றுதான் நின்று கவனித்தேன். கை இரண்டையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவர்போல, கொஞ்ச தூரம் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார், பிறகு அவிழ்த்துவிட்டார்.